கறுப்பு வண்டின்னா அப்படித்தான் இருக்குமாம்!

மக்களே, ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு வயித்தெரிச்சல் பதிவு. கார் இல்லாதவங்களும் படிக்கலாம். உங்க பீரோவுக்கு பாலீஷ் போடுறவர்கிட்டயும் இதே கதைதான் நடந்திருக்கும்.

நாலு மாசம் முன்னாடி அவினாசி ரோட்டுல ஒரு மினி லாரி என் கறுப்பு வண்டியோட இடது பக்கம் முழுக்க கோடு போட்டுட்டு போயிடுச்சு. பானட்டுலயும் ஏற்கெனவே பெயின்ட் உரிஞ்சு கிடந்தது. ஒரேடியா பார்த்துடலாம்னு டிங்கரிங், பட்டி, பெயின்ட் எல்லாம் சேர்த்து 38 ஆயிரம் பேசி ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். கடைப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னா அந்த ஒரு கடை மட்டும்தான் தப்புன்னு நினைச்சுக்குவீங்க.

பத்து நாள் கழிச்சு, சாயங்காலம் ஏழு மணிக்கு டெலிவரி. டியூப்லைட் வெளிச்சத்துல முகம் பார்த்து தலை வாரலாம் போல பளபளன்னு இருந்தது. காசை எண்ணிக் கொடுத்துட்டு வந்தேன். மறுநாள் காலை பத்து மணி வெயில்ல தங்கமணிதான் முதல்ல பார்த்தாங்க. "என்னங்க, பானட்டுல சிலந்தி வலை மாதிரி இருக்கு?" சூரியன் பிரதிபலிக்கிற இடத்தைச் சுத்தி வட்ட வட்டமா கீறல். ரெண்டு அடி நகர்ந்து பார்த்தா, நம்ம கூடவே நகருற மாதிரி பட்டை பட்டையா ஒரு மினுமினுப்பு.

வண்டியை நேரா அங்கேயே ஓட்டிட்டுப் போனேன். சூப்பர்வைசர் அலட்டிக்கவே இல்லை. "கறுப்பு வண்டின்னா அப்படித்தானுங்க சார் இருக்கும். செராமிக் கோட்டிங் போட்டுக்கலாங்க, எல்லாம் போயிடும். 18 ஆயிரம்தானுங்க."

இந்த ரெண்டு வரியில எத்தனை பொய்னு எண்ணிப் பார்ப்போமா?

பொய் நம்பர் ஒண்ணு: கறுப்புன்னா அப்படித்தான். கறுப்புல கீறல் நல்லா தெரியும், அது உண்மை. ஆனா கீறலைப் போட்டது கறுப்பு நிறம் இல்லையே! பெயின்ட் அடிச்சதும் தூசி உட்கார்ந்த இடத்தையெல்லாம் 2000 நம்பர் வாட்டர் பேப்பர் வச்சு தேய்ப்பாங்க. அந்தக் கோட்டை எடுக்க கம்பளி பேடும் கரடுமுரடான கம்பவுண்டும் போட்டு பஃபிங் மெஷினை ஓட்டுவாங்க. கம்பளி விட்ட கோட்டை எடுக்க மெத்துன்னு இருக்கிற ஸ்பாஞ்ச் பேடும் மெல்லிய பாலீஷும் வேணும். ஆக மொத்தம் மூணு படி. நம்ம ஆளுங்க ரெண்டாவது படியிலயே நின்னுட்டு சாவியைக் கையில கொடுத்துடுறாங்க.

இன்னொரு விஷயம். கார் தொழிற்சாலையில பெயின்டை சுமார் 140 டிகிரியில சுட வைப்பாங்க. ஒர்க்‌ஷாப் பூத்துல அது முடியாது. வண்டியில வயரு, பிளாஸ்டிக் எல்லாம் இருக்கே. 60 டிகிரி பக்கத்துலதான் நிறுத்துவாங்க. அதனால ஒர்க்‌ஷாப் பெயின்ட் முழுசா இறுக சில வாரம் ஆகும். அந்த இளம் பெயின்ட் மேல காய்ஞ்ச கம்பவுண்ட் ஒட்டின பேடை வச்சு அழுத்தினா கோடு விழாம என்ன செய்யும்?

பொய் நம்பர் ரெண்டு: கோட்டிங் போட்டா போயிடும். கோட்டிங் கண்ணாடி மாதிரி. அழுக்குச் சட்டைக்கு மேல கண்ணாடி மாட்டினா அழுக்கு போயிடுமா? கீறலை எடுத்த பிறகுதான் கோட்டிங். எடுக்காம போட்டா கீறலுக்கு பத்திரமா ஃப்ரேம் போட்டு வச்ச கதைதான். அதுவும் புது பெயின்டுக்குள்ள இருக்கிற கரைப்பான் ஆவியாகி வெளியே வரணும். 30 நாள்ல இருந்து 90 நாள் வரைக்கும் வாக்ஸே போடாதேன்னு சொல்ற பெயின்ட் கம்பெனிகள் உண்டு. பத்தே நாள்ல மூடி போடச் சொல்றாரு இந்த மகராசன்!

சரி, ராத்திரி எப்படி பளபளன்னு இருந்தது? எண்ணெய்ப்பசை உள்ள கிளேஸை பூசி விட்டா கீறல் பள்ளமெல்லாம் நிரம்பி மறைஞ்சிடும். டியூப்லைட்டும் துணைக்கு இருக்கு. ரெண்டு மூணு வாஷ்ல எண்ணெய் போயிடும், சாயம் வெளுத்துடும்.

இப்ப நான் பண்ணின தப்பைச் சொல்றேன். அன்னைக்கு மெஷின் ஓட்டுற பையன் மேலதான் முதல்ல பாய்ஞ்சேன். இருபது வயசுகூட இருக்காது. அவன் கத்தலை. பேடை திருப்பிக் காட்டினான். கல்லு மாதிரி காய்ஞ்சு கிடந்தது. "ஒரே பேடுதானுங்ண்ணா. இன்னைக்கு நாலு வண்டி முடிக்கணும்." எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு.

மூணு மாசம் பொறுத்து, நண்பர்கிட்ட ஒரு டிஏ மெஷின் இரவல் வாங்கினேன். சாதா பஃபிங் மெஷின் ஒரே அச்சுல சுத்தும். இது சுத்திக்கிட்டே தள்ளாடும், அதனால சூடும் கம்மி, கோடும் விழாது. அந்தப் பையனையே ஒரு ஞாயித்துக்கிழமை கூலி பேசி வரச் சொன்னேன். வண்டியைக் கழுவி, நிழல்ல நிறுத்தி, முதல்ல ஒரு ஓரத்துல ஒண்ணரை அடி சதுரம் மட்டும் மெல்லிய பாலீஷ் போட்டு டார்ச் அடிச்சுப் பார்த்தோம். கோடு காணோம். பிறகு கொஞ்சம் கொஞ்சமா, பேடை அப்பப்போ துடைச்சுத் துடைச்சு, மத்தியானத்துக்குள்ள பானட்டும் ரெண்டு கதவும் முடிஞ்சது. பேடும் பாலீஷும் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம். பையன் வெயில்ல நின்னு பானட்டையே பார்த்துட்டு இருந்தான். "இப்படி வரும்னு எங்க கடையில யாரும் சொல்லித் தரலீங்ண்ணா."

ஆயிரம் ரூபாய் சாமானும் அரை நாள் பயிற்சியும் கொடுக்க மனசில்லாத முதலாளிக்கு, 18 ஆயிரத்துக்கு கோட்டிங் விக்க மட்டும் மனசு வருது பாருங்க. இதுக்குப் பேரு தொழில் இல்லை. தான் வச்ச புண்ணுக்கு தானே மருந்து விக்கிறது.

"பெயின்ட்ல கோடு விழுந்தா என்ன, வண்டி ஓடுதுல்ல?"ன்னு சில பேர் கேப்பீங்க. மேல இருக்கிற க்ளியர் கோட் 40, 50 மைக்ரான்தான். நம்ம தலைமுடியை விட மெலிசு. ஒவ்வொரு தடவை தேய்க்கும்போதும் அதுல கொஞ்சம் போகுது. அரைகுறையா பண்ணிட்டு திரும்பத் திரும்ப தேய்ச்சா, வெயில்ல இருந்து நிறத்தைக் காப்பாத்துற தோலே உரிஞ்சிடும். அழகு மட்டும் இல்லைங்க, ஆயுசும் போகுது.

அதனால, ராத்திரியில டெலிவரி எடுக்காதீங்க. ஷாம்பூ போட்டு கழுவச் சொல்லி, வெயில்ல நிறுத்தி, சுத்தி வந்து பாருங்க. அப்புறம் காசு கொடுங்க. எடுத்துட்டு வந்த பிறகு பனியன் வேஸ்ட்டை வச்சு காய்ஞ்ச தூசியைத் துடைச்சீங்கன்னா, திட்ட வேண்டியது ஒர்க்‌ஷாப்பை இல்லை, உங்களைத்தான் :-)

டிஸ்கி: நகத்தை வச்சுத் தடவினா மாட்டுற அளவுக்கு ஆழமான கோடு பாலீஷ்ல போகாது. அதுக்கு மெஷின் வாங்கிட்டு வந்து என்னைத் திட்டிப் பின்னூட்டம் போடாதீங்க.