சமஷ்டியும் சாட்சியமும்

வெருகலாறு பெருகிய வருஷத்தில் பள்ளத்து வயலில் விதைத்ததை இழந்த கமக்காரர் ஒருவர், அடுத்த போகத்துக்கு மேட்டு நிலத்தை நாடுவாராயின், திருகோணமலை மாவட்டத்து ஈச்சிலம்பற்றில் எவரும் அவரைத் துரோகி என்று தூற்றமாட்டார்கள். அரசியலில் மாத்திரம், பட்டறிந்த பின்னும் பழைய வார்த்தையையே ஜெபிப்பவரை உறுதியாளர் என்றும், பிரத்தியட்ச அனுபவத்தைக் கண்டு அபிப்பிராயத்தைத் திருத்திக்கொண்டவரைக் கொள்கையற்றவர் என்றும் அழைக்கும் விபரீத வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது.

எல்லா மாற்றமும் போற்றத்தக்கது என்று நான் வாதிடவில்லை. ஒக்ஸ்போர்ட்டிலிருந்து திரும்பிய இளைஞரான எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க, 1926-இல் இலங்கைக்குச் சமஷ்டி ஆட்சியே உகந்ததென்று பத்திரிகையில் எழுதினார். யாழ்ப்பாணம் வரை சென்று பேசவும் செய்தார். தமிழ்த் தலைவர்கள் அன்று அதைப் பொருட்படுத்தவில்லை என்பதையும் நாம் நாணத்தோடு ஒப்புக்கொள்ளவேண்டும். முப்பது வருஷங்களுக்குப் பின் அதே மனிதர் பிரதம மந்திரியாகி, சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்று சட்டம் செய்தார். பல இனத்தார் வாழும் தேசம் என்று அவர் 1926-இல் காட்டிய காரணம் 1956-இல் பொய்த்துப்போய்விடவில்லை. இடையில் 1931-இல் சர்வஜன வாக்குரிமை வந்தது, அவ்வளவுதான். மாறியது சாட்சியமன்று, வாக்கெண்ணிக்கை.

செல்வநாயகத்தின் மாற்றம் வேறு ரகம். 1949-இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கிச் சமஷ்டி கேட்டவர், 1957 ஜூலையில் பண்டாரநாயக்கவுடன் ஒப்பந்தம் செய்து அதனினும் குறைந்ததற்கு இணங்கினார். மறு ஏப்ரலிலேயே அது கிழிக்கப்பட்டது. 1965-இல் டட்லி சேனநாயக்கவுடன் செய்த உடன்பாடும் நிறைவேறவில்லை. 1972 அரசியலமைப்புக்குப் பின் ஆசனத்தைத் துறந்து, தம் மக்களின் தீர்ப்பைக் கேட்டு, 1976-இல் வட்டுக்கோட்டையில் தனி அரசுத் தீர்மானத்துக்கு வந்தார். அம்முடிவு சரியா என்பது வேறு விவாதம். ஒவ்வொரு படிக்கும் அவரிடம் ஒரு நிரூபணம் இருந்தது.

அத்தீர்மானத்தின் பேரில் 1977-இல் திருகோணமலையில் வென்ற இரா. சம்பந்தன், யுத்தம் முடிந்த பின் பிளவுபடாத நாட்டுக்குள் தீர்வு என்றார். 2012 மே தினத்தன்று யாழ்ப்பாணத்தில் தேசியக் கொடியை ஏந்தியதற்காகத் தமிழரிடமே வசை வாங்கினார். 2006-இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்து, வாகரைக்கும் மட்டக்களப்புக்கும் அலைந்து, பின்னர் திரும்பிய ஈச்சிலம்பற்று மக்களின் கதையே அந்த மாற்றத்துக்குப் போதிய சாட்சியம் என்பேன். எனக்குள்ள குறை ஒன்றே: முடிவை உரைத்த அவர், அதற்கு இட்டுச்சென்ற காரணங்களை இவ்வூர்த் திண்ணைகளில் இன்னும் விரிவாக உரைத்திருக்கலாம்.

எதிர்ப்புறமும் ஒரு கடன் நிலுவையில் இருக்கிறது. சமஷ்டி கேட்பது பிரிவினை கேட்பதாகாது என்று தமிழரசுக் கட்சிக்கு எதிரான வழக்கில் உயர் நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. சமஷ்டியென்றால் நாடு துண்டாகும் என்று அரை நூற்றாண்டாய்த் தெற்கில் மேடைதோறும் முழங்கியவர்களில் ஒருவர், அத்தீர்ப்பைப் படித்தேன், என் எண்ணத்தை மாற்றிக்கொண்டேன் என்று அதே மேடையில் நின்று சொல்வதைக் கேட்க நான் இன்னும் காத்திருக்கிறேன்.