கிராபிக்ஸ் வேற லெவல். சாதி அதே லெவல்

"கேமையாவது விட்டுவைங்களேன் தோழர். எல்லாத்திலயும் சாதியத் தேடுனா எப்படி?"

ஒரகடத்தில் அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கும் தம்பி ஒருவர் எங்களிடம் கேட்டது இது. அவர் மீது எங்களுக்குக் கோபமில்லை. ஷிப்ட் முடிந்து, கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, நாலு பேர் படுக்கிற அறையில் தவணைக்கு வாங்கிய பிளேஸ்டேஷனை ஆன் செய்கிற அந்த ஒரு மணி நேரம்தான் அவருக்கென்று இருக்கிற நேரம். அங்கே சூப்பர்வைசர் இல்லை. ஹவுஸ் ஓனர் இல்லை. "எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?" என்று துருவ ஆளில்லை. அந்த ஒரு மணி நேரத்தையும் அரசியல் பேசிக் கெடுக்காதீர்கள் என்கிறார். அவருக்கு அப்படிச் சொல்ல உரிமை உண்டு.

ஆனால் இதே வார்த்தையை வேறு சிலரும் சொல்கிறார்கள். தமிழில் கேம் விமர்சனம் செய்கிறவர்கள். "கிராபிக்ஸ் வேற லெவல், காம்பேட் வேற லெவல், கதை வேற லெவல், தயவுசெஞ்சு இதுல அரசியல் கொண்டாராதீங்க" என்று அரைமணி நேரம் பேசி முடிக்கிறார்கள். தம்பி களைப்பில் சொல்வது வேறு, இவர்கள் வசதியில் சொல்வது வேறு. இந்தக் கட்டுரை இரண்டாமவர்களுக்கு.

முதலில் எங்கள் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறோம். புதிதாக வருகிற பெரிய கேம் ஒன்றின் விலை ஏறத்தாழ 5,000 ரூபாய். ஒப்பந்தத் தொழிலாளிக்கு அது கையில் வரும் சம்பளத்தில் பெரிய துண்டு. ஆகவே சிலவற்றை நாங்கள் கூட்டாகக் காசு போட்டு வாங்கி விளையாடினோம், சிலவற்றை யூடியூபில் அடுத்தவர் விளையாடப் பார்த்தோம். வேலியோரம் நின்று தெருக்கூத்துப் பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். தள்ளி நின்று பார்ப்பவர்களுக்குச் சில விஷயங்கள் கூடுதலாகவே தெரியும்.

ரோல் பிளேயிங் கேம் எதை எடுத்தாலும் முதல் திரை பாத்திரத்தைப் படைப்பதுதான். பெயர் என்ன, முகம் எப்படி, எந்த வகுப்பு, எங்கிருந்து வருகிறாய். நமக்கு இது புதிதா என்ன? ஸ்ரீபெரும்புதூரிலும் சுங்குவார்சத்திரத்திலும் வாடகைக்கு அறை தேடி அலைந்த எல்லோரும் இந்தத் திரையைத் தாண்டித்தான் வந்திருக்கிறோம். எங்களில் ஒருவர் அட்வான்ஸ் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வீட்டுக்கார அம்மா ஆதார் கார்டை வாங்கி முகவரியைப் படித்தார். தெருப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'காலனி' என்று இருந்தது. "எங்க அண்ணன் பையன் வர்றதா சொல்லியிருக்கான் தம்பி" என்று கார்டைத் திருப்பிக் கொடுத்தார். ஆட்டம் முடிந்தது. 2025 ஏப்ரலில் தமிழக முதல்வர் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். ஆனால் அந்த அம்மா படித்தது ஒரு சொல்லை மட்டுமல்ல, ஒரு வரைபடத்தை. அதை யார் அழிப்பது?

கேமில் வகுப்பைத் தேர்ந்தெடுப்பவர் ஆடுகிறவர். இங்கே ஆடுகிறவருக்காக மற்றவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். கேமில் லெவல் ஏறும். சாதி என்பது லெவல் ஏறாத ஆட்டம். இந்த வித்தியாசத்தை வைத்துக்கொண்டு சமீபத்திய கேம்களைப் பார்ப்போம்.

2025 பிப்ரவரியில் வந்த 'கிங்டம் கம்: டெலிவரன்ஸ் 2' கேமை எல்லா விமர்சகர்களும் 'நிஜத்துக்கு நெருக்கமானது' என்று கொண்டாடினார்கள். 1403ஆம் ஆண்டு பொஹிமியா. நாயகன் ஹென்றி, கொல்லன் வீட்டில் வளர்ந்தவன். குளிக்காமல், அழுக்குத் துணியோடு போனால் ஊர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள், பேச்சு எடுபடாது. குளித்து, நல்ல துணி போட்டால் மரியாதை தானாக வரும். அடடா, என்ன நுட்பம் என்றார்கள். எங்களுக்குச் சிரிப்புதான் வந்தது. மூன்று முறை குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு போனவருக்குத்தான் அந்த அம்மா கார்டைத் திருப்பிக் கொடுத்தார்.

இன்னொன்று. இந்தக் கொல்லன் மகன் உண்மையில் கொல்லன் மகனே இல்லை. முதல் பாகத்திலேயே உடைத்துவிடுகிறார்கள்: அவன் ஒரு பிரபுவுக்குப் பிறந்தவன். அதாவது உழைக்கும் வீட்டுப் பிள்ளை வாள் பிடித்து ஜெயிக்க வேண்டுமானால் அவன் நரம்பில் மேலிடத்து ரத்தம் ஓடியாக வேண்டும். நம் ஊரில் கர்ணன் கதையை ஆயிரம் ஆண்டாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்களே, அதே கதைதான். தேரோட்டி மகனின் வீரத்தை ஒப்புக்கொள்ள மனசு வராது, அவன் சூரியனுக்குப் பிறந்தவன் என்று சொன்னால்தான் தூக்கம் வரும். இதை ஒரு விமர்சகராவது கேட்டாரா? கொல்லன் மகன் கொல்லன் மகனாகவே ஜெயித்தால் கதைக்கு என்ன குறைந்துவிடும்?

'எல்டன் ரிங்' கேமுக்கு வருவோம். 2022இல் வந்தது. 2024 ஜூனில் அதன் தொடர்ச்சியான 'ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ' வந்து மறுபடி ஊரெல்லாம் அதே பேச்சு. அதில் தொடக்கத்தில் தேர்ந்தெடுக்கும் பத்து வகுப்புகளில் கடைசி 'ரெட்ச்', அற்பப்பிறவி. உடம்பில் கவசமில்லை, கையில் ஒரு தடி, லெவல் 1. திறமையைக் காட்ட விரும்புகிற பெரிய ஆட்டக்காரர்கள் வேண்டுமென்றே அதைத் தேர்ந்தெடுப்பார்கள். வறுமையைச் சாகசமாக அனுபவிக்க வசதி வேண்டும் அல்லவா!

ஆனால் அந்தக் கேமில் எங்களைப் பிடித்து உலுக்கிய இடம் வேறு. 'ஓமன்' என்று ஒரு பிறப்பு உண்டு. கொம்போடு பிறக்கும் குழந்தைகள், சபிக்கப்பட்டவர்கள். பிறந்ததும் கொம்பை வெட்டுவார்கள், பெரும்பாலும் குழந்தை செத்துப்போகும். அரச குடும்பத்தில் அப்படிப் பிறந்தால் வெட்டாமல், தலைநகரத்துக்கு அடியில் சாக்கடையில் யாருக்கும் தெரியாமல் அடைத்துவைப்பார்கள். அப்படி அடைக்கப்பட்ட ஒருவன், மார்காட், பின்னாளில் தன் பிறப்பை மறைத்துக்கொண்டு, தன்னைத் தள்ளிவைத்த அதே சிம்மாசனத்துக்குக் காவல் நிற்கிறான். உயிரைக் கொடுத்துக் காக்கிறான்.

விமர்சகர்கள் மார்காட்டை எந்த ஆயுதத்தால் அடிக்கலாம் என்று சொல்லித்தந்தார்கள். எங்களுக்கோ அவனை அடிக்கக் கை வரவில்லை. சர்டிபிகேட்டில் மட்டும் சாதியை வைத்துக்கொண்டு, அலுவலகத்தில் அதை மறைத்து, "இப்பல்லாம் யாரு சார் சாதி பாக்குறா" என்று முதல் ஆளாகச் சொல்கிற நம் அண்ணன்கள் எத்தனை பேர்! அவர்களை நாங்கள் குற்றம் சொல்லவில்லை. சாக்கடைக்குள் அடைத்தவனை விட்டுவிட்டு, அதிலிருந்து தப்பி வந்தவனைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. ஜப்பானில் செய்த ஒரு கேம் தீண்டாமையை இவ்வளவு நெருக்கமாகச் சொல்கிறது. தமிழில் விமர்சனம் பேசுகிறவருக்கு அது தெரியவில்லை என்றால், கண்ணில் கோளாறு இல்லை, பழக்கத்தில் கோளாறு.

ஜப்பான் என்றதும் 2025 மார்ச்சில் வந்த 'அசாசின்ஸ் கிரீட் ஷேடோஸ்' ஞாபகத்துக்கு வருகிறது. யாசுகே என்ற ஆப்பிரிக்கர் அதில் ஒரு நாயகன். 16ஆம் நூற்றாண்டில் ஒடா நொபுநாகாவிடம் பணியாற்றிய வரலாற்று மனிதர். 'கறுப்பன் எப்படி சாமுராய் ஆகலாம்' என்று உலகமெல்லாம் ஒப்பாரி. 'வரலாறு கெட்டுவிட்டது' என்று தமிழிலும் எதிரொலித்தார்கள். வரலாற்றின் மீது இவ்வளவு அக்கறை இருந்தால் ஒன்று கேட்கிறோம். சாமுராயின் கவசத்தில் தோல் இருக்கிறதே, அதைப் பதனிட்டவர் யார்? 'கவாத்தா' என்று ஒதுக்கப்பட்டவர்கள். போர்ப் பிரபுக்கள் தோலுக்காக அவர்களைத் தங்கள் கோட்டைகளுக்குப் பக்கத்திலேயே குடிவைத்தார்கள், தீட்டு என்று தள்ளியும் வைத்தார்கள். 1871இல் சட்டப்படி அந்த இழிவை நீக்கினாலும் ஊர் நீக்கவில்லை. 1922இல் கியோட்டோவில் அந்த மக்களே 'சுய்ஹேய்ஷா' என்ற இயக்கத்தைக் கட்டி எழுந்தார்கள். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தோல் பதனிட்ட கைகளுக்கு இந்த உறவுமுறை உடனே விளங்கும். யாசுகேவுக்காக நடந்த கூச்சலில் அவர்கள் பெயர் எங்கள் காதில் ஒருமுறைகூட விழவில்லை.

சரி, நம் நாட்டுக் கேம்கள்? புனேயில் தயாராகி 2020இல் வந்த 'ராஜி' நன்றாகவே செய்யப்பட்ட ஆக்‌ஷன் கேம். சுவரோவியம் மாதிரியான காட்சிகள், நாயகி ஒரு கழைக்கூத்தாடிப் பெண். மகிழ்ச்சி. ஆனால் அவள் கொல்ல வேண்டிய வில்லன் பெயர் மகாபலாசுரன். மகாத்மா ஜோதிராவ் புலே 1873இல் 'குலாம்கிரி' எழுதியபோது பலி ராஜாவை உழவர்களின் அரசன் என்றும், அவனை மிதித்த கதை இம்மண்ணின் மக்களை மிதித்த கதை என்றும் திருப்பிப் போட்டார். நூற்றைம்பது ஆண்டு கழித்தும் நம் பிள்ளைகள் கையில் ரிமோட்டைக் கொடுத்து அசுரனைக் கொல்லச் சொல்கிறோம். அசுரன் யார் என்று கேட்கிற விமர்சனம்தான் இல்லை.

கடைசியாக, 2025 ஏப்ரலில் வந்த 'கிளேர் ஆப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33'. பிரான்சில் சிறிய குழு ஒன்று செய்தது, அந்த ஆண்டின் சிறந்த கேம் விருதையும் வாங்கியது. கதை இது: ஓவியக்காரி ஒருத்தி ஆண்டுதோறும் ஒரு பெருங்கல்லில் ஓர் எண்ணை எழுதுவாள். அந்த வயதைத் தொட்டவர்கள் பூவிதழாக உதிர்ந்து காற்றில் மறைந்துவிடுவார்கள். ஒவ்வோர் ஆண்டும் எண் ஒன்று குறையும். இப்போது 33.

எங்கள் அறையில் இதைப் பார்த்தபோது யாரும் பேசவில்லை. இந்தக் கல்லை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஆள் எடுக்கும் நோட்டீசில் 'வயது வரம்பு' என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். இந்த அசெம்பிளி லைன்களில் 33 வயதைத் தாண்டிய எத்தனை பெண்களைக் காட்ட முடியும்? 2006இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று நின்றது. இருபதுகளில் இருந்த ஆயிரக்கணக்கானோர் உதிர்ந்தார்கள். 2021 டிசம்பரில் பாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் விடுதி உணவால் நோயுற்று, 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனபோது, அவர்களின் தோழிகள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அப்போதுதான் அவர்கள் இருப்பதே நாட்டுக்குத் தெரிந்தது. 2024 ஜூனில், மணமான பெண்களை வேலைக்கு எடுக்காமல் தவிர்ப்பதாக ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் மறுத்தது, ஒன்றிய அரசு மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. அறை தேடி அலையாமல் இருக்க அது உதவும். ஆனால் உதிர்ந்த பிறகு அந்தப் பெண்கள் எங்கே போகிறார்கள் என்பதற்கு ஒரு கட்டடமும் இல்லை.

'அசாசின்ஸ் கிரீட் மிராஜ்' 2024இல் ஐபோனுக்கும் வந்தது. கையடக்கப் போனில் கன்சோல் கேம் ஓடுகிறதே என்று விமர்சகர்கள் வியந்தார்கள். அது ஓடுகிற ஐபோன் 16 பூட்டப்படுகிற இடங்களில் ஒன்று இந்த சுங்குவார்சத்திரம்தான். வியந்தவர் யாரும் பூட்டியவளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்கு அந்தக் கேமை விளையாட நேரமும் இல்லை, அந்தப் போனை வாங்கச் சம்பளமும் இல்லை. எங்கள் அறையிலும் ரிமோட் பிடிப்பவர்கள் எல்லாம் ஆண்கள்தான் என்பதையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறோம்.

ஆகவே தம்பிக்குச் சொல்கிறோம்: கேமில் சாதியை நாங்கள் கொண்டுவரவில்லை. மொபைலில் சுடுகிற கேமில் குழுப் பெயராகச் சாதிப் பெயரை வைத்துக்கொண்டு வருகிறவன் கொண்டுவருகிறான். தோற்றதும் மைக்கில் நம் சாதியைச் சொல்லித் திட்டுகிறவன் கொண்டுவருகிறான். நீங்கள் மியூட் செய்துவிட்டு ஆடுகிறீர்கள். எவ்வளவு நாளைக்கு மியூட்டில் இருப்பது?

விமர்சகர்களுக்குச் சொல்கிறோம்: கேமைத் தடை செய்யச் சொல்லவில்லை. எங்கள் தலைவர் படத்தை ஒட்டி ஒரு நாயகனைச் செய்துதாருங்கள் என்றும் கேட்கவில்லை. பிரேம் ரேட்டை எண்ணுகிற கண்ணால், யாருக்குக் கதை இருக்கிறது, யாருக்குக் கொம்பு இருக்கிறது என்பதையும் எண்ணுங்கள் என்கிறோம்.

எங்களிடமும் ஒரு வரைபடம் இருக்கிறது. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர், நிலமற்ற பறையர்களின் நிலைமையை அறிக்கையாக எழுதினார். 1892இல் பஞ்சமி நிலம் வந்தது. விற்றால் நம் மக்களுக்குள்தான் விற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலம், காலப்போக்கில் யார் யார் கைக்கோ போனது. அதைத் திருப்பிக் கேட்டதற்குத்தான் காரணை நிலப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிர் கொடுத்தார்கள். இந்த மண்ணில் தொழிற்பேட்டைகள் எழுந்தபோது பட்டா வைத்திருந்தவருக்கு இழப்பீடு வந்தது. அந்த வயலில் தலைமுறையாக நாற்று நட்டவருக்கு ஒப்பந்தக் கூலி வந்தது. வரைபடம், எதிரி, இழந்த சொத்து, திரும்பப் பெறும் பயணம் எல்லாம் இருக்கிற கதை இது. பிரபுவின் ரத்தம் ஓடும் நாயகன் மட்டும் இதில் இல்லை. கம்ப்யூட்டர் படித்துவிட்டு லைனில் ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருக்கிற நம் பிள்ளைகளில் ஒருவர் ஒருநாள் இதை கேமாகச் செய்வார்.

அன்றைக்கு எங்கள் விமர்சகர்கள் சொல்வார்கள், "கிராபிக்ஸ் சுமார்தான்" என்று. சொல்லட்டும். முதல் திரையில் 'எந்தத் தெரு?' என்ற கேள்வி இருக்காது. அது போதும் எங்களுக்கு.

ஜெய்பீம்.