ஏனாத்தூர் ஸ்டாப்பிங்கில் ஒரு சினிமா ராணி



காலையில எட்டே முக்கால் மணி. காஞ்சிபுரத்துலேர்ந்து வர்ற பஸ்ல நிற்கவே இடமில்ல. எனக்கு முன்னாடி சீட்ல ரெண்டு பொண்ணுங்க. ஒருத்திக்குக் கல்ச்சுரல்ஸ் டிராமாவுல மெயின் ரோல் கிடைச்சிருக்கு. ஆனா வீட்ல, "கூத்தாடவா உன்னைக் காலேஜுக்கு அனுப்பினோம்?"னு ஒரே ரகளையாம். ஏனாத்தூர் வர்ற வரைக்கும் அழாத குறையா சொல்லிட்டே வந்தா. (ஒட்டுக் கேட்டது தப்புதான், ஸாரி!) அவகிட்ட சொல்லணும்னு நினைச்சு, சொல்றதுக்குள்ள இறங்கிப் போயிட்டா. அதனால உங்ககிட்ட சொல்றேன்.

டி.பி.ராஜலட்சுமின்னு ஒருத்தர். 1911ல் திருவையாற்றில் பிறந்தவர். பள்ளிக்கூடத்துல விளையாட வேண்டிய வயசுல கல்யாணம். அதுவும் வரதட்சணைத் தகராறுல முறிஞ்சுபோச்சு. அப்பாவும் இறந்துட்டார். பிழைப்புக்காக அம்மாவோட திருச்சி வந்தாங்க. அந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்ணுக்கு என்ன கதின்னு உங்க பாட்டியைக் கேட்டா விவரமா சொல்வாங்க. ராஜலட்சுமி என்ன பண்ணினார் தெரியுமா? நாடகக் கம்பெனிப் படியேறினார். சங்கரதாஸ் சுவாமிகளே பரிந்துரை பண்ணி, சாமண்ணா கம்பெனியில சேர்த்துவிட்டதா சொல்வாங்க. அப்போ அவருக்குப் பதினோரு வயசு இருக்கும்!

இது எவ்வளவு பெரிய விஷயம்னு புரியணும்னா அந்தக் கால மேடையைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. பாய்ஸ் கம்பெனிகள் கொடிகட்டிப் பறந்த காலம். வள்ளி, பவளக்கொடி, தமயந்தி எல்லாமே மீசை முளைக்காத பசங்கதான். நம்ம காஞ்சிபுரம், உத்திரமேரூர் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்துச்சாம்? திரௌபதி அம்மன் திருவிழாக் கூத்துல திரௌபதியா ஆடினதும் ஆம்பளைதானே! இந்தப் பக்கத்துப் பொண்ணுங்க முறையா கட்டைக்கூத்து கத்துக்கிட்டு மேடையேற எவ்வளவு காலம் ஆச்சு பாருங்க. காஞ்சிபுரத்தை ஒட்டின புஞ்சரசன்தாங்கல்ல பி.ராஜகோபால் வாத்தியார் நடத்தின குருகுலம் அதைச் செஞ்சது. 2020ல் அதுவும் மூடியாச்சு.

சரி, ராஜலட்சுமிக்கு வருவோம். மேடையில பேர் வாங்கி, மௌனப் படங்கள்ல நடிச்சு, 1931ல் பம்பாய்க்கு ரயிலேறினார். அர்தேஷிர் இரானியோட இம்பீரியல் கம்பெனி அந்த வருஷம் மார்ச்சுலதான் 'ஆலம் ஆரா'ங்கிற முதல் பேசும் படத்தை ரிலீஸ் பண்ணியிருந்தது. அப்ப டப்பிங், பின்னணிப் பாட்டு எதுவும் கிடையாது. கேமரா ஓடும்போதே நடிகர் பேசணும், பாடணும். வாத்தியக்காரங்க கேமராவுல படாம ஒளிஞ்சு வாசிக்கணும். பக்கத்துல ரயில் போனா அதுவும் பதிவாயிடும்னு ராத்திரியில ஷூட்டிங். அழகு இருந்தா மட்டும் போதாது பாஸ், தொண்டை வேணும்! வருஷக்கணக்கா மைக் இல்லாத கொட்டகையில கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற மாதிரி பாடினவருக்கு இதெல்லாம் ஒரு மேட்டரா?

எச்.எம்.ரெட்டி இயக்கின 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31ல் சென்னை கினிமா சென்ட்ரல் தியேட்டர்ல ரிலீஸாச்சு. தமிழின் முதல் பேசும் படம். ஆனா செம காமெடி என்னன்னா, ஹீரோயின் தமிழ்ல பேசுவார், ஹீரோ தெலுங்குல பதில் சொல்வார்! கதைக்கு சம்பந்தமே இல்லாம தியாகராஜர் கீர்த்தனையும் தேசபக்திப் பாட்டும் நடுவுல வரும். ஜனங்க கவலையே படலை. திரையில ஒரு பொம்மை தமிழ் பேசுது, அதைக் கேட்கத்தான் கூட்டம். ரெண்டு வருஷம் கழிச்சு சாமிக்கண்ணு வின்சென்ட்டோட 'வள்ளி திருமணம்' வந்தது. அதுவும் ஹிட். 'சினிமா ராணி'ங்கிற பட்டம் பேரோட ஒட்டிக்கிச்சு.

நாமளா இருந்தா இதோட நிம்மதியா உட்கார்ந்திருப்போம். அவர் தானே எழுதின நாவலைத் தானே தயாரிச்சு, தானே இயக்கி, நாயகியா நடிச்சு 1936ல் 'மிஸ் கமலா'ன்னு ரிலீஸ் பண்ணினார். இந்தியாவுல 1926லேயே ஃபாத்மா பேகம் டைரக்டர் ஆயிட்டார். தென்னிந்தியாவுல ராஜலட்சுமிதான் முதல் பெண் டைரக்டர். வயசு இருபத்தஞ்சு. மகளுக்கும் கமலான்னே பேர் வெச்சார். அப்புறம் 'மதுரை வீரன்' படத்தையும் இயக்கினார்.

வாழ்க்கையில தனக்கு நடந்ததை அவர் மறக்கலைன்னு எனக்குத் தோணும். பொண்ணா பிறந்ததுனால கொல்லப்பட இருந்த ஒரு குழந்தையைக் காப்பாத்தித் தன் பொண்ணாவே வளர்த்திருக்கார். 1964ல் மறைஞ்சார். நாம அவரை அநேகமா மறந்தேபோயிட்டோம். குவிஸ் போட்டியில 'காளிதாஸ்' நாயகி யார்னு கேட்டா மட்டும் ஒரு மார்க்குக்கு ஞாபகம் வரும்.

இதுல வயிறெரியற சமாச்சாரம் ஒண்ணு இருக்கு. 'காளிதாஸ்' படத்தோட பிரின்ட் கிடைக்கலை. 'மிஸ் கமலா'வும் கிடைக்கலை. முதல் குரலும் போச்சு, முதல் பெண் டைரக்டரோட படமும் போச்சு. அந்தக் காலத்து ஃபிலிம் நைட்ரேட்ல செஞ்சது. சட்டுனு தீப்பிடிக்கும், இல்லன்னா தானா பொடியாயிடும். அதுல இருக்கிற வெள்ளிக்காக ரீலைக் கரைச்சு வித்தவங்களும் உண்டு.

ஆனா அந்தக் காலத்துல தியேட்டர் வாசல்ல பாட்டுப் புத்தகம் விற்பாங்க. மெலிசா, பழுப்புத் தாள்ல, கதைச் சுருக்கத்தோட. உத்திரமேரூர், வாலாஜாபாத் பக்கத்து ஓட்டு வீட்டுப் பரண்ல, கொள்ளுத் தாத்தாவோட டிரங்குப் பெட்டியில இதுமாதிரி ஏதாவது கிடக்கலாம். இந்த ஞாயித்துக்கிழமை ஏறிப் பாருங்க. பழைய பேப்பர்காரர்கிட்ட போடறதுக்கு முன்னாடி, அட்டையில யார் பேர் இருக்குன்னு ஒரு தடவை படிச்சிடுங்க.

அந்த பஸ் பொண்ணு இதைப் படிச்சா... டிராமா என்னிக்குன்னு எழுதும்மா. நான் முதல் வரிசையில இருப்பேன்.