அந்தக் குழாய் யாருக்கு வேண்டும்?

நாலு கவளம் உண்பதற்குள் வயிறு நிறைந்துவிட்டாற்போன்ற பொருமலும், மேல்வயிற்று எரிச்சலும், புளித்த ஏப்பமும் மாதக்கணக்கில் விடாமல் வருத்த, மருந்துக் கடையிலே 'கேஸ் மாத்திரை' கேட்டு வாங்கி விழுங்கியும், ஓமத்தண்ணீர் குடித்தும் குணம் காணாமல் வைத்தியரிடம் போகிறவர்களுடைய மனத்தில் எழுகிற முதற் கேள்வி, "டியூப் விட்டுப் பார்த்துவிடலாமா?" என்பதுதான். வயதையும் லட்சணங்களையும் கொண்டு விடை காண வேண்டிய அந்தக் கேள்வியை, நாம் பெரும்பாலும் நம்முடைய பயத்தையும் பணவசதியையும் கொண்டே தீர்மானிக்கிறோம் என்பது எனக்கு நெடுநாளாக உள்ள வருத்தம்.

அந்த டியூப் பரிசோதனையாகிய எண்டோஸ்கோபியின் மகிமையைக் குறைப்பது என் நோக்கமன்று. 1868-ஆம் ஆண்டில் ஜெர்மானிய வைத்தியர் குஸ்மால், வாள் விழுங்கும் வித்தைக்காரன் ஒருவனுடைய தொண்டை வழியே விறைப்பான உலோகக் குழாயைச் செலுத்திப் பார்த்தார். மெல்லிய கண்ணாடி இழைகளின் கற்றை எப்படி வளைந்தாலும் அதன் வழியே உருவத்தைக் கொண்டுசெல்லலாம் என்று லண்டனில் விஞ்ஞானி ஹாப்கின்ஸும், நம் பஞ்சாபிலே பிறந்த நரீந்தர் சிங் கபானியும் 1954-இல் எழுதி வெளியிட்டார்கள். அந்தக் கட்டுரையிலே ஊக்கம் பெற்று அமெரிக்காவில் வளையும் குழாயைச் சமைத்த வைத்தியர் ஹிர்ஷோவிட்ஸ், 1957-இல் முதலில் அதைத் தாமே விழுங்கிப் பரீட்சித்தார். இன்றோ, ஆறு முதல் எட்டு மணி நேரம் பட்டினியோடு போனால், தொண்டையை மரக்கச் செய்து, சுமார் 1 சென்டிமீட்டர் பருமனுள்ள குழாயினால் சில நிமிஷங்களுக்குள் உணவுக்குழல், இரைப்பை, முன்சிறுகுடல் ஆகிய மூன்றையும் நேரிலே கண்டு, சந்தேகப்பட்ட இடத்திலிருந்து சதைத்துணுக்கும் எடுத்துவிடுகிறார்கள். அபாயமும் மிகச் சொற்பம்.

ஆயினும், அஜீரணத்துக்காக இவ்வாறு பரிசோதிக்கப்படுகிறவர்களில் பத்துக்கு ஏழு பேர் அளவில் கண்ணுக்குத் தெரியும் கோளாறு எதுவும் அகப்படுவதில்லை. ஆகவேதான் அமெரிக்க, கனடா தேசத்து நிபுணர்கள் 2017-இல், 60 வயதை எட்டியவர்களுக்குக் குழாய்ப் பரிசோதனை என்றும், இளையவர்களுக்கு முதலில் மூச்சிலோ மலத்திலோ ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி உண்டா என்று சோதித்துச் சிகிச்சை செய்வது என்றும் வகுத்தார்கள். குடற்புண்ணுக்கு மனக்கவலையும் காரமுமே காரணம் என்றிருந்த நம்பிக்கையைத் தகர்க்கும்பொருட்டு, ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷல் 1984-இல் தாமே பருகிக் காட்டிய கிருமி அது. அந்த ஆராய்ச்சிக்காக அவரும் ராபின் வாரனும் 2005-இல் நோபல் பரிசு பெற்றார்கள். கேஸ் மாத்திரையை இரண்டு வாரமாவது நிறுத்திய பிறகே இச்சோதனைகளைச் செய்ய வேண்டும். இல்லையேல் கிருமி இருந்தும் இல்லையென்று வந்துவிடலாம்.

அந்த 60 என்ற எல்லையை நாம் அப்படியே ஏற்கலாகாது என்பது என் அபிப்பிராயம். சென்னையில் ஆண்களைப் பீடிக்கும் புற்றுநோய்களில் இரைப்பைப் புற்றுநோய் நெடுங்காலமாக முன்வரிசையில் நிற்பதை அடையாறு புற்றுநோய் நிலையத்தின் பதிவேடு காட்டுகிறது. ஐம்பதைக் கடந்த ஒருவருக்குப் புதிதாக அஜீரணம் தோன்றி நிலைத்துவிட்டால், இங்கே அதுவே போதிய காரணம். உடல் இளைத்து வேட்டி இடுப்பில் நில்லாமற் போவதும், விழுங்கும்போது சோறு நெஞ்சில் அடைப்பதும், மலம் தார்போற் கறுப்பதும், ஓயாத வாந்தியும், ரத்தசோகையும் எந்த வயதிலும் வைத்தியரிடம் விரைய வேண்டிய அறிகுறிகள். நம் வீடுகளில் முதியவர்கள் இவற்றையெல்லாம் "வயசாச்சு, வாயு" என்று ஒதுக்கிவிட்டு, மூட்டுவலிக்கு ஒரு மாத்திரையும் அதனால் எரியும் வயிற்றுக்கு இன்னொரு மாத்திரையும் விழுங்கிக் காலம் தள்ளுகிறார்கள். புண்ணையும் புற்றையும் அந்த இரண்டாவது மாத்திரை சிறிது காலம் அமுக்கி மறைத்துவிடக்கூடும் என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்வாரில்லை.

மறுபுறம், முப்பது வயது வாலிபன் பரிசோதனை மேஜையிலிருந்து எழுந்து, "நார்மல்" என்ற காகிதத்தைப் பெற்று, "ஒன்றுமில்லை, போய் வா" என்ற சொல்லோடு வெளியே வருகிறான். அவன் வயிறு மட்டும் முன்போலவே எரிகிறது. புண் இல்லை என்பது மெய்; உபாதை இல்லை என்பது மெய்யன்று. ஆகாரம் உள்ளே வரும்போது தளர்ந்து இடம்கொடுக்க வேண்டிய இரைப்பையின் மேற்பகுதி தளராதிருப்பதும், அதன் நரம்புகள் சிறிய விரிவையும் வலியாக உணர்வதும் குழாயின் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆனால் அவற்றுக்கும் மருந்து உண்டு. இதை அவனிடம் பத்து நிமிஷம் உட்கார்ந்து சொல்ல யாரும் முன்வராததனால்தான், மறு வருஷம் அவன் வேறோர் ஆஸ்பத்திரியிலே, மறுபடியும் வெறும் வயிற்றோடு, அதே குழாய்க்காகக் காத்திருக்கிறான்.