அல்ஜப்ரும் எங்கள் பெண்பிள்ளைகளும்

மீலாத் மேடைகளில் வருடந்தோறும் கேட்கின்ற பேச்சொன்று உண்டு. 'அட்சரகணிதத்தை உலகுக்குத் தந்தவர்கள் நாங்கள்' என்று அது தொடங்கும். முஹம்மத் இப்னு மூஸா அல் குவாரிஸ்மியின் பெயர் வரும். பக்தாத் வரும். அல்ஜப்ர் என்ற அரபுச் சொல்லே அல்ஜிப்ராவானது என்பதும் வரும். எமது சஞ்சிகைகள் இதே பேச்சைக் கட்டுரையாக்கிப் பல தடவை வெளியிட்டுவிட்டன. நானே இரண்டு எழுதியிருக்கிறேன். சொல்லப்படுவதில் பொய் இல்லை. ஆனால் கி.பி. 820 அளவில் எழுதப்பட்ட ஒரு நூலோடு எங்கள் கணித வரலாறு ஏன் முடிந்துபோகிறது? அதற்கப்பால் போனால் உமர் கய்யாமைத் தொடுவோம், அதுவும் அவர் கவிஞர் என்பதால்.

இம்முறை எங்கள் ஊர் விழாவில் பேசக் கேட்டபோது நான் ராமன் பரிமளாவைப் பற்றிப் பேசினேன். இறங்கி வந்ததும் ஒரு பெரியவர் கேட்டார்: "மாஸ்டர், அவ நம்மட ஆளா?"

குவாரிஸ்மிக்குத் தமிழ் தெரியாது. பரிமளா 1948இல் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை சாரதா வித்தியாலயத்திலும் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியிலும் படித்தவர். நாங்கள் கதை கவிதை எழுதுகின்ற மொழியைப் பேசும் மண்ணில் வளர்ந்த ஒரு பெண், உலகின் முன்னணி அட்சரகணிதவியலாளர்களுள் ஒருவர். 'நம்மட ஆள்' என்பதற்கு இலக்கியக்காரர்களாகிய நாம் வேறென்ன அளவுகோல் வைத்திருக்கிறோம்?

நான் பல்கலைக்கழகம் போனவனல்ல, ஆசிரியர் கலாசாலையில் பயின்றவன். பரிமளாவின் ஆய்வுக் கட்டுரையில் முதற்பக்கத்தைத் தாண்ட என்னால் ஆகாது. ஆனால் அவர் எடுத்துக்கொண்ட கேள்வியை ஒன்பதாம் வகுப்புக்கும் சொல்லலாம். சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

'ஒரு வர்க்கமும் அதன் மூலத்தின் பத்து மடங்கும் சேர்ந்தால் 39. மூலம் எது?' இது குவாரிஸ்மியின் பிரபலமான கணக்கு. விடை 3. ஒரே ஒரு தெரியாக்கணியம், இரண்டாம் படி. பரிமளாவின் வாழ்நாள் வேலையும் இந்த இரண்டாம் படியைச் சுற்றியதுதான். இருபடி வடிவங்கள் என்பார்கள். தெரியாக்கணியங்கள் பல இருக்கும்போது, எல்லாமே பூச்சியம் என்ற வெற்று விடையைத் தவிர வேறு விடை உண்டா என்பது கேள்வி. எண்கள் எந்த உலகிலிருந்து எடுக்கப்படுகின்றன என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். மிகக் கடினமான ஓர் உலகில், தெரியாக்கணியங்கள் ஒன்பதோ அதற்கு மேலோ இருந்தால் விடை கட்டாயம் உண்டு என்று அவரும் சுரேஷும் நிறுவினார்கள். எட்டுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. இக்கட்டுரை 2010இல் 'அனல்ஸ் ஒஃப் மெதமெட்டிக்ஸ்' இதழில் வெளியானது.

தொடக்கம் இன்னும் சுவையானது. பிரெஞ்சுக் கணிதவியலாளர் செர் 1955இல் எழுப்பிய ஒரு கேள்விக்கு 1976இல் குயிலனும் சுஸ்லினும் தனித்தனியே விடை கண்டார்கள். பல்லுறுப்பிகளின் மேல் அமைகின்ற குறித்த ஒருவகை அமைப்புகள் யாவும் எளியவையே என்பது அந்த விடை. இருபடி வடிவங்களுக்கும் அப்படியா? அதே 1976இல், அப்படியில்லை, இரண்டு மாறிகள் வந்ததுமே உடைந்துபோகிறது என்று உதாரணத்தோடு காட்டியவர் பரிமளா. அவர் கலாநிதிப் பட்டம் பெற்ற ஆண்டும் அதுதான்.

பின்னர் ஏவா பாயர் என்ற இன்னொரு பெண்ணுடன் சேர்ந்து, இடத்துக்கிடம் சரியானது முழுமைக்கும் சரியாகுமா என்ற கேள்வியை எடுத்தார். ஒவ்வொரு மடுவத்திலும் கொழுந்து நிறுவைக் கணக்குச் சரியென்றால் தோட்டத்தின் முழுக் கணக்கும் சரியா என்று கேட்பது போல. (தோட்டத்துப் பிள்ளைகள் இதைக் கேட்டதும் சிரித்துவிட்டார்கள். அந்த நிறுவையைப் பற்றி அவர்களுடைய அம்மாமார் சொல்வது வேறு.)

மும்பையின் டாட்டா ஆய்வு நிறுவனத்தில் பல்லாண்டுகள், பிறகு அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகம். கணிதத்துக்கான பட்நாகர் விருதை 1987இல் பெற்ற முதல் பெண். அடுத்து 2004இல் அதைப் பெற்ற சுஜாதா ராமதுரை, பரிமளாவிடம் ஆய்வு செய்த மாணவி. விருதுகளைவிட இந்த ஒரு வரிதான் எனக்குப் பெரிது. ஒருத்தி போன வழியில் இன்னொருத்தி போயிருக்கிறாள்.

எங்கள் பசறை வீதிப் பக்கம் அந்த வழி எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன். சாதாரண தரக் கணிதத்தில் ஏ சித்தி பெற்ற மாணவி ஒருத்தி என்னிடம் இருந்தாள். எங்கள் பாடசாலையில் உயர்தரக் கணிதப் பிரிவு இல்லை. பதுளைக்குப் போய்வர வேண்டும். "பொம்புளப் புள்ள, மழைக் காலத்துல மண் சரியுற ரோட்டுல தினமும் எப்படி சேர்?" என்றார் வாப்பா. கலைப்பிரிவுக்கான படிவத்தை நிரப்பிக் கொடுத்தவன் நான்தான். அவள் எதுவும் பேசவில்லை. பேனையை மட்டும் திருப்பித் தந்தாள். அதே வருடம் தோட்டத்து லயத்திலிருந்து வந்த இன்னொரு கெட்டிக்காரிக்கும் இதுவே நடந்தது.

பதுளையில் 2005 முதல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் வாசலைத் தாண்டி பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்தப் பேனை ஞாபகம் வருகிறது.

குவாரிஸ்மியின் நூலில் பெரியதொரு பகுதி வஸிய்யத்துக் கணக்குகள். மையித்தின் சொத்தில் மகளுக்கு எவ்வளவு என்று கணக்கிடுவதற்காகவும் வளர்ந்ததுதான் அந்த அல்ஜப்ர். மகளின் பங்கைக் கணக்கிட்ட கலையிலேயே மகளுக்குப் பங்கில்லை என்று வைத்திருப்பவர்கள், அந்த மனிதரின் பெயரை எந்த வாயால் மேடையில் சொல்கிறோம்? பாதையையும் ஆசிரியர் பற்றாக்குறையையும் அரசாங்கத்தின் தலையில் போடலாம், போடத்தான் வேண்டும். ஆனால் பதுளையில் பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்க ஒரு விடுதி எடுக்க எங்களிடம் பணமில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். மீலாத் விழாப் பந்தலின் பற்றுச்சீட்டை நான் பார்த்திருக்கிறேன்.

எழுத்தாள நண்பர்களே, உங்கள் அடுத்த பொற்காலக் கட்டுரைக்கு முன் உங்கள் ஊரில் உயர்தர இணைந்த கணிதம் படிக்கின்ற பெண்பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணி, அந்த எண்ணையும் கட்டுரையில் போடுங்கள். எங்கள் ஊர் எண் பூச்சியம்.

கடந்த மாதம் ஞாயிறு கணித வகுப்புக்காகப் பள்ளிவாசல் மண்டபத்தைக் கேட்டுப் போனேன். "பொம்புளப் புள்ளைகளும் வருவாங்களா?" என்று கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் கேட்கிறேன் என்றேன். கூட்டம் வைத்துச் சொல்வதாகச் சொன்னார்கள். கூட்டம் இன்னும் வைக்கவில்லை.