குளவியை விடுங்கள், அவரைப் பந்தலுக்கு வாருங்கள்

அண்மையில் நாகையில் நடந்த இலக்கியக் கூட்டமொன்றில் தாய்மை பற்றிப் பேசிய அன்பர், குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்ற பழமொழியைச் சான்று காட்டினார். தாயின் இடையறாத அன்பு புழுவையே மாற்றிவிடுகிறதாம். அரங்கம் கைதட்டியது. தமிழ் பயிற்றும் நம்மைப் போன்றோர் பலர் அங்கிருந்தும் ஒருவரும் எழுந்து மறுக்கவில்லை. நாமும்தான். அந்த உறுத்தலே இதை எழுத வைத்தது.

புழு குளவியாவதில்லை. குளவி அதனைக் கொட்டிச் செயலறச் செய்து, தன் முட்டையோடு மண்கூட்டில் அடைக்கிறது. முட்டையிலிருந்து வரும் குஞ்சு அப்புழுவைத் தின்று வளர்ந்து சிறகோடு வெளிவருகிறது. கூட்டுக்குள் நிகழ்ந்தது கொலை. குருவருளுக்கு இதனை உவமையாக்கிய முன்னோரைக் குறை சொல்வதற்கில்லை. அவர்கள் கண்டது அவ்வளவே. இன்றும் அதனை உண்மையென்று வகுப்பில் ஒப்பிப்பது நம் சோம்பலன்றி வேறென்ன?

பூச்சியினத்தில் தாய்மைக்குச் சான்று வேண்டுவோர் கொல்லைக்குச் செல்லலாம். அவரைக்கொடியின் தண்டில் கூட்டங்கூட்டமாய் அப்பிக் கிடக்கும், தொட்டால் நாறும் உருண்டைப் பூச்சியை அறியாதார் யார்? சாம்பல் தூவி விரட்டுகிறோமே, அதுதான். 1798இல் இதற்கு அறிவியற்பெயர் சூட்டியவர் ஃபப்ரிசியஸ். (நம் தரங்கம்பாடியிலிருந்து டேனியர் அனுப்பிய பூச்சிகள் பலவற்றுக்கும் பெயரிட்டவர் அவரே. நாம் பார்க்காததை எவரோ பார்த்தார்கள்.)

இப்பூச்சிக்குச் செடியின் சாறே உணவு. அதில் உடல் வளர்ச்சிக்கு வேண்டிய அமினோ அமிலங்கள் போதிய அளவில் இல்லை. அக்குறையை நிரப்புவது அதன் குடலறைகளில் வாழும் ஒருவகை நுண்ணுயிர். அந்நுண்ணுயிர் பூச்சியின் உடலை விட்டு வெளியே தனித்து வாழ இயலாதது. பின் குஞ்சுக்கு எப்படிக் கிடைக்கிறது? தாய் முட்டைகளை இருவரிசையாய் அடுக்கும்போதே, சில முட்டைகளுக்கு ஒன்று வீதம், தன் குடலிலிருந்து நுண்ணுயிர் நிறைந்த சிறு பழுப்புப் பொதிகளை அடியில் வைத்துவிடுகிறாள். பொரித்த குஞ்சின் முதற்செயல் அப்பொதியை உறிஞ்சுவது. உறிஞ்சியபின் அமைதியாய் ஓரிடத்தில் தங்கிவிடுகிறது. பொதியை அகற்றிவிட்டால் குஞ்சுகள் ஓயாமல் அலைகின்றன என்று ஜப்பானில் ஹொசோகாவா, ஃபுகாட்சு முதலியோர் 2008இல் காட்டினர். அவ்வாறு பொதியிழந்தவை நன்கு வளர்வதுமில்லை. அதற்கு முந்தைய ஆண்டில் அவர்கள் செய்தது இன்னும் வியப்பு. சோயாப் பயிரைத் தாக்கும் இனத்துக்கும், அதன் நெருங்கிய உறவாகிய தாக்காத இனத்துக்கும் பொதிகளை மாற்றி ஊட்டினர். தாக்காத இனத்தின் முட்டைகள் சோயாவில் நன்கு பொரித்தன. தாக்கும் இனத்தின் முட்டைகள் பல பொரிக்காமல் போயின. ஒரு பயிரில் வாழும் வல்லமையே அந்தச் சிறு பொதிக்குள் இருந்திருக்கிறது!

'இது வெறும் இயல்பூக்கம், அன்பாகுமா?' என்பார்கள். ஆகுமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் குளவியின் கொலையை அன்பென்றபோது இக்கேள்வி எழவில்லையே, ஏன்? 'குடற்கழிவையும் தாய்மையையும் சேர்த்துப் பேசுவதா?' என்று மூக்கைப் பொத்துவோரும் உண்டு. மனிதக் குழந்தையும் பிறக்கும்போது தாயின் உடலிலிருந்து நுண்ணுயிர்களைப் பெற்றுக்கொண்டே வருகிறது என்பதை அவர்களுக்கு நினைவூட்டலாம். இவையெல்லாம் நம் ஏட்டில் முன்பே உண்டு என்று கிளம்புவோரிடம் மட்டும் வாதாட நமக்குப் பொழுதில்லை.

நம்மிடம் பயில்வோரிற் பலர் உழவர் மக்கள். வயலில் புகையான் விழுந்தால் மருந்துக்கடைக்கு ஓடுவது அவர்கள் வீட்டார்தாம். அந்தப் புகையானும் தாயின் முட்டைவழியே வந்த நுண்ணுயிர்களை உடலில் சுமந்துதான் நெற்சாற்றில் பிழைக்கிறது. இதனை அவர்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டியவர்கள் குளவிக்கதை சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சென்ற வாரம் வகுப்பில் இதனைச் சொன்னோம். மறுநாள் ஒரு மாணவி தன் வீட்டுப் பந்தலிலிருந்து அவரையிலை ஒன்றைக் கொண்டுவந்தாள். இருவரிசை முட்டைகள். உருப்பெருக்கியில் பார்த்தோம்; அடியில் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தன. அடுத்த வரிசைக்காரர்கள் உருப்பெருக்கியைக் கேட்டுச் சண்டையிடத் தொடங்கிவிட்டார்கள்.