வழக்கு விளம்பரமா?

இளம் எழுத்தாளர் மீது வழக்கோ தடையோ வந்தால் அது அவருக்கு இலவச விளம்பரம், புத்தகம் விற்றுத் தீரும் என்று வாதிடுகிறார்கள். இதை என்னால் ஏற்க முடியாது.

ஹன்ஸ்தா சௌவேந்திர சேகரை எடுத்துக்கொள்வோம். சந்தாலி சமூகத்தவர், ஜார்க்கண்டில் அரசு மருத்துவர். முதல் நாவலுக்கே 2015இல் சாகித்திய அகாதெமியின் யுவ புரஸ்கார் கிடைத்தது. அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது எழுத்து, சர்ச்சை அல்ல. 2017 ஆகஸ்டில் அவருடைய சிறுகதைத் தொகுப்பை மாநில அரசு தடை செய்தது. சந்தாலிப் பெண்களை இழிவுபடுத்துகிறார் என்பது குற்றச்சாட்டு. உருவபொம்மையைக் கொளுத்தினார்கள். மருத்துவப் பணியிலிருந்தும் இடைநீக்கம் செய்தார்கள். கதை எழுதியதற்கு மாதச் சம்பளத்தில் கை வைப்பது எந்த ஊர் விளம்பரம்? டிசம்பரில் தடை நீங்கியது உண்மைதான். அதற்குள் அவர் பட்ட பாட்டை யார் திருப்பித் தருவார்கள்?

'மீசை' நாவலுக்காக மலையாள எழுத்தாளர் எஸ். ஹரீஷ் பின்னாளில் விருது பெற்றதை எதிர்ச்சான்றாகக் காட்டுவார்கள். அது அவருடைய முதல் நாவல். குடும்பத்துக்கே மிரட்டல் வந்ததால் 2018இல் வார இதழில் வந்த தொடரை அவரே நிறுத்த நேர்ந்தது. நூலாக்க ஒரு பெரிய பதிப்பகம் துணிந்தது; தடை கேட்ட மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இந்த இரண்டும் வாய்க்காத எழுத்தாளரின் அடுத்த கையெழுத்துப்படியை எந்தப் பதிப்பாளர் தைரியமாக வாங்குவார்?